சனுதிக்கு இரண்டாம் தடவை எழுத்து வாசித்தது

பலாங்கொடை
பெப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நான்கு தடவை அழைத்தீர்கள். போன் என் கையில்தான் இருந்தது. எடுத்தால் அழுதுவிடுவேன். அழுதால் நீங்கள் "சரி, விடு" என்பீர்கள். விட்டுவிடுகிற விஷயமா இது? அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

அம்மா இறந்த ஆண்டுத் தானத்தன்று, பிக்குமார் சாப்பிட்டுப் போய், சொந்தக்காரர் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில்தானா அதைச் சொல்ல வேண்டும்? என் சனுதி தன் வாசிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஆமைக் கதையைக் கடகடவென்று வாசித்தாள். எல்லோரும் சாது சாது என்று பாராட்டினார்கள். நீங்கள் மட்டும் புத்தகத்தை வாங்கி, நாலு பக்கம் தள்ளி, "இங்க இருந்து வாசி மகள்" என்றீர்கள். பிள்ளை யானைப் படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு திரும்பவும் ஆமைக் கதையையே சொன்னாள். யாரோ சிரித்தார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பி, "இவளுக்கு வாசிக்கத் தெரியாது இரேஷா. எல்லாம் மனப்பாடம். உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றீர்கள். பெற்ற தகப்பன், நிலந்த, கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அவர் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

எனக்குத் தெரியுமா? பதினெட்டு நாளாக அதைத்தான் என்னையே கேட்கிறேன். தெரியும் என்று சொன்னால் இத்தனை நாள் மறைத்தவள் ஆகிறேன். தெரியாது என்று சொன்னால் நான் என்ன தாய்? பட்டமளிப்பு விழாவுக்கே அவளை வயிற்றில் சுமந்துகொண்டு போனவள் நான். தினமும் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிப்பிக்கிறேன். நேற்று வாசித்த சொல்லை இன்று புதுசாகப் பார்க்கிறாள். ஆனால் மாதிரி வினாத்தாளில் தாளை மடித்து வெட்டிய படம் வருமே, விரித்தால் எப்படி இருக்கும் என்று, அதை ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறாள். நிலந்த நிஜமாகவே தாளை மடித்து வெட்டிப் பார்த்துத்தான் நம்பினார். இந்தப் பிள்ளை மந்தமா, கெட்டிக்காரியா? ஒரே தலைக்குள் இரண்டும் எப்படி இருக்கும்?

போன கிழமை வகுப்பாசிரியை அபேகோன் மிஸ் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, மிக அன்பாகச் சொன்னார்: "புலமைப்பரிசில் பரீட்சை அன்னைக்கு சனுதிக்கு அம்மை போட்டிருந்தா நல்லது மிஸஸ். டாக்டர்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு வாங்கினாப் போதும். எழுபது புள்ளிக்கு மேல எத்தனை பேர்னுதான் நம்மளைக் கேப்பாங்க. பிள்ளையும் பாவம்தானே, அத்தனை நேரம் உக்காந்து அழும்."

நான் நன்றி சொன்னேன், அக்கா. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று யோசித்தேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மூன்று வயதில் சனுதிக்கு முதல் எழுத்து வாசித்தது நீங்கள். நிலந்தவின் வீட்டார் அவர்களுடைய குணபால மாமாவை, அந்த ஓய்வுபெற்ற தபாலதிபரை, வைக்கச் சொன்னார்கள். இல்லை, என் அக்கா டீச்சர், அவள்தான் என்று பிடிவாதம் பிடித்தது நான். யார் வாயால் முதல் எழுத்து கேட்கிறதோ அவர் ராசி பிள்ளைக்கு வரும் என்பார்கள். இப்போது அந்த வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று நான் எழுத மாட்டேன்.

இரேஷா

*

குளியாப்பிட்டி
மார்ச் 11

நங்கி,

கடிதம் கிடைத்தது. நீ எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாய். நான் ஒரு பக்கம் எழுதுகிறேன். கோபிக்காதே. உன் கடிதத்தைப் பியல் அத்தானிடம் கொடுக்கவில்லை. நானே வாசித்தேன். இரண்டு நாள் ஆனது.

தானத்து வீட்டில் சொன்னது தப்பு. சொன்ன இடம்தான் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை.

சனுதி மந்தம் இல்லை. சோம்பேறியும் இல்லை. ஒரே சொல்லை நூறு தடவை எழுத வைக்காதே. அடிக்காதே. நீ அடிக்க மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், களைத்துப்போன தாய்க்குக் கை நீளும்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான மனநலக் கிளினிக் இருக்கிறது. கூட்டிப் போ. வாசிப்பில்தான் கஷ்டம் என்று அவர்கள் கடிதம் தருவார்கள். அதை வைத்து விண்ணப்பித்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாம். பல பள்ளிக்கூடங்களில் இதைப் பெற்றோருக்குச் சொல்வதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. இருபத்திநாலு வருஷமாக இதே வேலை.

அம்மைத் துண்டு வேண்டாம். தெய்வத்தின் நோயைப் பொய்யாகச் சொல்லக் கூடாது என்பதற்காக மட்டும் இல்லை. நாலு பேர் பரீட்சைக்குப் போகும்போது தான் வீட்டில் இருக்க வேண்டியவள் என்று பிள்ளை நம்பிவிடுவாள். பிறகு அந்த நம்பிக்கையை எடுக்க எந்த டாக்டரும் இல்லை.

எழுத்து வாசித்தது நான்தான். நல்ல நேரத்தில், சொன்ன திசை பார்த்து, வெற்றிலை வைத்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன்.

அனோமா அக்கா

*

பலாங்கொடை
ஏப்ரல் 22

அக்காவுக்கு,

புத்தாண்டுக்கு நாங்கள் வரவில்லை. நீங்கள் சுட்டு அனுப்பிய கொக்கிசும் பணியாரமும் பஸ் நடத்துனர் கையில் பத்திரமாக வந்தன. சனுதி பணியாரத்தை ஒளித்துவைத்துத் தின்றாள்.

கிளினிக்குக்குப் போனோம். நிலந்த வரவில்லை, வேலை என்றார். டாக்டர் சின்ன வயதுப் பெண். சனுதியிடம் கொஞ்சம் வாசிக்கச் சொல்லிவிட்டு, "எழுத்துத் தெரியலையா மகள்?" என்று கேட்டார்.

"எல்லா எழுத்தும் தெரியும் டொக்டர். தனித்தனியா வந்தா தெரியும். ஒண்ணா கூடி நின்னாதான் யாரு யாருன்னு குழம்புது. அம்மா கலியாண வீட்டுல சொந்தக்காரங்களைப் பாத்து முழிப்பாங்களே, அது மாதிரி."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். பத்து வருஷமாகப் பக்கத்தில் இருக்கும் நான் ஒரு தடவைகூட இப்படிக் கேட்டதில்லை என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயராம். மூளையில் குறை இல்லையாம், வழிதான் வேறாம். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று கேட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. "ஒருத்தருக்கும் இல்லை. நான் பட்டதாரி. என் அக்கா தரம் ஐந்து டீச்சர்" என்றேன். அவர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, கடிதமும் விண்ணப்பப் படிவமும் தந்தார். தாய், தகப்பன், பள்ளிக்கூட அதிபர் மூவரும் கையெழுத்திட்டு மே 31-க்குள் அனுப்ப வேண்டும்.

நிலந்த கையெழுத்துப் போடவில்லை. "மனநல டாக்டர் சீல் அடிச்ச பேப்பர் இது. நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது சாதகத்தோட சேத்து இதையும் குடுக்கட்டுமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அக்கா. பயந்தவர். என்னைப் போலத்தான். நான் பயந்தால் பேசுவேன், அவர் பயந்தால் கத்துவார்.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். உங்களுக்கு எழுதாமலே விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் சனுதி என்றைக்காவது உளறிவிடுவாள்.

புத்தாண்டுக்கு, வேலை தொடங்கும் நல்ல நேரத்தில், குணபால மாமாவை வரவழைத்தேன். சனுதிக்கு வெள்ளைச் சட்டை போட்டேன். பாற்சோறு வைத்தேன். வெற்றிலைக் கட்டை மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளையைப் பாயில் உட்கார வைத்து, கடையில் வாங்கிய புது அரிச்சுவடியைத் திறந்து, மாமா எழுத்தெழுத்தாகக் காட்டி "அயன்ன சொல்லு மகள், ஆயன்ன சொல்லு" என்றார். சனுதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. கடைசி எழுத்து வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னாள். மாமாவின் காலில் விழுந்து கும்பிட்டாள்.

பிறகு குசினியில் எனக்குப் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "பெரியம்மா வாசிச்சது இப்போ அழிஞ்சிடுச்சாம்மா?"

நான் தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. படித்தவள்தானே நான்? இதை நம்பியா செய்தேன்? நம்பாமல் செய்திருந்தால் அது இன்னும் மோசம் இல்லையா?

இரேஷா

*

குளியாப்பிட்டி
மே 3

நங்கி,

அழியவில்லை என்று சனுதியிடம் சொல். முதலில் அதைச் சொல்லிவிட்டு வந்து மீதியை வாசி.

டாக்டருக்கு நீ தப்பான பதில் சொல்லிவிட்டாய். குடும்பத்தில் ஒருத்தி இருக்கிறாள்.

நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த வருஷம் உனக்கு ஏழு வயது. நான் உனக்குப் பேன் பார்ப்பேன். நீ என் வரலாற்றுக் குறிப்பைச் சத்தமாக வாசிப்பாய். ஒரு பக்கத்துக்கு ஒரு புளி டொஃபி. அம்மா சொல்வாள், "பெரியவளுக்கு வந்த சோம்பலைப் பாரு, சின்னதைக் கொண்டு வேலை வாங்குறா" என்று. சோம்பேறி என்ற பேரை நான் வாங்கிக்கொண்டேன். மற்றப் பேரை விட அது லேசாக இருந்தது.

நீ வாசித்ததைக் காதால் பிடித்துத்தான் பாஸ் பண்ணினேன். பரீட்சையில் ஒரு கேள்வியை நாலு தடவை வாசித்தேன். ஐந்து கேட்டார்கள், மூன்றுக்கு எழுதினேன். அது போதுமாக இருந்தது. ஆசிரியர் கல்லூரியில் அறைத்தோழி ஒருத்தி வாசித்தாள். பிறகு உன் பியல் அத்தான். பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பியை அவர் சத்தமாக வாசிப்பார். நான் பலாக்காய் வெட்டிக்கொண்டே புள்ளி சொல்வேன். அவர் எழுதுவார். "டீச்சரோட புருஷனுக்குப் பிள்ளைங்க கட்டுரைன்னா உசிரு" என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். காலையில் ஒருவரும் வருமுன் போய், வீட்டில் எழுதிப் பழகிய தாளைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். முன்பு பார்க்காத பக்கத்தை வகுப்பில் திறக்க மாட்டேன்.

என் வகுப்புப் பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள். இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். எனக்குக் கஷ்டமானது எது என்று தெரிந்ததால், அதை மண்ணிலும் விதையிலும் பாட்டிலும் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆமைக் கதையைச் சொல்லும்போது சனுதியின் கண் புத்தகத்தில் இல்லை. கேட்பவர் முகத்தில் இருந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதனால்தான் பக்கத்தைத் தள்ளினேன். பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சபையில் அவிழ்த்துவிட்டேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

அப்படியானால் அக்கா வாயிலிருந்துதான் வந்தது என்று நீ நினைப்பாய். வாயால் வராது. இரத்தத்தால் வரும். உன்னைத் தாண்டி உன் பிள்ளைக்கு வந்திருக்கிறது. தபாலதிபர் வாசித்தாலும் வந்திருக்கும்.

இந்தக் கடிதத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும், பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு நாளும் போயின. வாசித்துவிட்டு எரித்துவிடு.

அனோமா அக்கா

*

பலாங்கொடை
மே 9

அக்கா,

எரிக்கவில்லை. தீப்பெட்டியை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

முந்தாநாள் போனில் நாம் இருவரும் மழையைப் பற்றியும் தேங்காயைப் பற்றியும் பேசினோம், நினைவிருக்கிறதா? நிலந்த பக்கத்தில் இருந்தார். அதனால் திரும்பவும் கடிதம்தான்.

எனக்கு எல்லாம் தலைகீழாக இருக்கிறது. அந்தக் குறிப்புகளை வாசித்தது நினைவிருக்கிறது. போர்த்துக்கேயர், ஒப்பந்தம், இராச்சியம் என்று ஒன்றும் விளங்காமல் வாசிப்பேன். நிறுத்தினால் தலையில் குட்டுவீர்கள். அக்கா என்னை அடிமை மாதிரி நடத்தினாள் என்று பல்கலைக்கழகத்தில் தோழிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது யார் மேல் கோபப்படுவது? உங்கள் மேலா? சொல்லவே சொல்லாத உங்கள் மேல் கொஞ்சம் கோபம் இருக்கிறது. தெரிந்துகொள்ளாத என் மேல் அதைவிட அதிகம். சனுதிக்கு நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "அப்போ சரி" என்று விளையாடப் போய்விட்டாள். அவ்வளவுதான் அவளுக்கு.

நிலந்தவிடம் திரும்பவும் படிவத்தை நீட்டினேன். இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறகு நன்றாக வருவார்கள் என்றேன். அவர் கேட்டார்: "யாரு? ஒருத்தரைக் காட்டு. வெளிநாட்டு விஞ்ஞானி கதையெல்லாம் வேணாம். நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர். பஸ்ல போய்ப் பாத்துட்டு வர்ற தூரத்துல ஒருத்தர். காட்டு, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

உங்கள் கடிதம் அப்போது அலுமாரியில் என் சேலைக்கு நடுவில் இருந்தது. ஆறு அடி தூரம்.

சொல்லட்டுமா, அக்கா? அவர் உங்களை எவ்வளவு மதிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். தானத்தன்று கோபித்ததுகூட, சொன்னது நீங்கள் என்பதால்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருப்பார். ஆனால் தன் அம்மாவிடம் சொல்லாமல் இருக்க மாட்டார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் சரி என்றால் மட்டும் சொல்வேன். மே 31-க்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.

இரேஷா

*

குளியாப்பிட்டி
மே 16

நங்கி,

வேண்டாம்.

ஜூலையில் பள்ளிக்கூடத்துப் பகுதித் தலைவர் பதவிக்கு எனக்கு நேர்முகம். அதற்காக மட்டும் இல்லை. என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். வாசிக்கக் கஷ்டப்படுகிற டீச்சரிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? நீ விடுவாயா? எனக்காகச் சொல்லாதே, யோசித்துச் சொல்.

இன்னொன்றும் இருக்கிறது. இது தெரிந்தால் நீ என்னைக் கேட்டிருக்கவே மாட்டாய். அம்மைத் துண்டு வேண்டாம் என்று உனக்கு எழுதினேன். மூன்று வருஷத்துக்கு முன் என் வகுப்பிலேயே ஒரு தாயிடம் அதைக் கேட்டவள் நான். அம்மை என்று சொல்லவில்லை, வயிற்றுப்போக்கு என்றேன். அந்தப் பிள்ளை வாசிக்கும்போது கண்ணைப் புத்தகத்தில் வைக்காமல் என் முகத்தைப் பார்க்கும். பள்ளிக்கூடத்துப் புள்ளிக் கணக்குக்காகக் கேட்டேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிவந்தேன். அது பொய். அந்தப் பிள்ளை பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

மறுநாள் அந்தத் தாய் ஒரு வாழைக்குலை கொண்டுவந்து தந்தாள். பெரிய உதவி டீச்சர் என்றாள்.

நிலந்தவிடம் சொல்லாதே.

அக்கா

*

பலாங்கொடை
மே 28

அக்கா,

அந்த வாழைக்குலை கொண்டுவந்தவள் நான்தான். நானும் அபேகோன் மிஸ்ஸுக்கு நன்றி சொன்னவள்தானே, ஊர் மட்டும் வேறு.

உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் இருந்தேன். நிலந்தவிடம் சொல்லவில்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்குக்காகவா, அல்லது சொன்னாலும் அவர் மாற மாட்டார் என்ற பயத்தினாலா, தெரியவில்லை. அப்படிப்பட்ட டீச்சரிடம் பிள்ளையை விடுவாயா என்று கேட்டீர்கள். விடுவேன் என்றுதான் கை எழுதப் போகிறது. போன வருஷம் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

நேற்று டவுனில் ஒரு டிஸ்பென்சரிக்குப் போய் அம்மைத் துண்டு வாங்கிவிட்டேன். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தனாம் தேதிக்கு?" என்று மட்டும் கேட்டார். இரண்டரை மாதத்துக்குப் பிறகு வரப்போகும் அம்மைக்கு இப்போதே நாள் குறித்துத் தந்தார். அலுமாரியில் இப்போது இரண்டு தாள் இருக்கின்றன. பொய்யான தாளுக்கு ஒருவர் கையெழுத்துப் போதுமாக இருந்தது. உண்மையான தாளுக்கு மூன்று பேர் வேண்டும்.

29-ம் தேதி, பின்னேரம்

கடிதத்தை ஒட்டவில்லை, நல்லது. நிலந்த இப்போதுதான் வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "அந்தப் பேப்பர் எங்க?" என்றார். எந்தப் பேப்பர் என்று நான் பதறிப்போனேன். படிவத்தை எடுத்துத் தந்தேன். நின்றபடியே கையெழுத்துப் போட்டார். "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. நாளைக்கு நானே அதிபர்கிட்ட குடுக்குறேன். கையெழுத்துப் போடாம அந்த ஆள் எழுந்திரிக்கட்டும் பாப்போம்" என்றார்.

இப்போது முற்றத்தில் சனுதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த மடிச்ச தாள் கணக்கை எனக்கும் சொல்லிக்குடு" என்கிறார். அவள், "அப்பாவுக்கு ரொம்ப நேரம் எடுக்கும், பரவாயில்லையா?" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை விகாரையில் நான் வைத்த போதி பூஜையின் பலனா? அவருக்கு உடம்பு சரியில்லையா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இரேஷா

*

குளியாப்பிட்டி
ஜூன் 5

நங்கி,

போதி பூஜை இல்லை. நான்தான்.

உனக்கு அந்தக் கடிதத்தைப் போட்ட பிறகு, அந்தத் தாயைச் சந்தையில் பார்த்தேன். பிள்ளை கூட இருந்தாள். என்னைக் கண்டதும் தாய் கும்பிட்டாள். பிள்ளை கும்பிடவில்லை. மீன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

29-ம் தேதி பள்ளிக்கூட இடைவேளையில் நிலந்தவின் அலுவலகத்துக்கு அழைத்தேன்.

"தம்பி, இன்னைக்குப் பத்திரிகை பக்கத்துல இருக்கா?"

"இருக்கு அக்கா. ஏன், ஏதாவது செய்தியா?"

"ஏதாவது ஒரு பக்கம் சொல்லுங்க. எங்கிட்டயும் இருக்கு. நான் வாசிக்கிறேன், நீங்க விரல் வெச்சுப் பாருங்க."

விளையாடுகிறேன் என்று நினைத்தார். ஐந்தாம் பக்கம், உரத்தைப் பற்றிய செய்தி என்றார். நான் முன்பு பார்க்காத பக்கம். பியல் அத்தானும் பக்கத்தில் இல்லை. வாசித்தேன். முதல் வரியில் இரண்டு சொல் தவறியது. இரண்டாம் வரியை விட்டு மூன்றாம் வரிக்குப் போய்த் திரும்பி வந்தேன். "கண்ணாடி போடலையா அக்கா?" என்று சிரித்தார். "போட்டிருக்கேன்" என்றேன். நாலாம் வரியில் அவர் சிரிப்பு நின்றது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். உடைத்து உடைத்துப் பார்க்கிறேன், வரவில்லை. ஆசிரியர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள், நங்கி. டீ குடித்துக்கொண்டிருந்த அவர்கள் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"போதும் அக்கா" என்றார் நிலந்த. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"போதாது தம்பி. இன்னும் ரெண்டு வரி இருக்கு" என்று அதையும் வாசித்து முடித்தேன். பிறகு சொன்னேன்: "பிறந்ததுலருந்து இப்படித்தான். இதை வெச்சுக்கிட்டுத்தான் இருபத்திநாலு வருஷம் படிப்பிச்சேன். பஸ்ல வந்து பாத்துட்டுப் போற தூரம்தானே. வாங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

நேர்முகம் என்ன ஆகும் என்று தெரியாது. அதிபர் நேற்று என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அது எதனால் என்றும் தெரியாது. பியல் அத்தான், "இனி கட்டுரையை நீயே வாசிப்பியா, எனக்கு வேலை இல்லாமப் போயிடுமே" என்கிறார்.

அம்மைத் துண்டைக் கிழித்துவிடு.

அக்கா

*

பலாங்கொடை
ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று பின்னேரம் போனில் "பரீட்சை எழுதிட்டா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எழுதினால்தான் எனக்கே கோர்வையாக வரும்.

கூடுதல் நேரம் தந்தார்கள். சனுதி ஒரு பேச்சும் பேசாமல் உள்ளே போனாள். நான் பேசிக்கொண்டே இருந்தால் பயம் என்று அர்த்தம். அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நானும் நிலந்தவும் வாசலில் மற்றத் தாய் தகப்பன்மாரோடு நின்றோம். எல்லோர் கையிலும் குடை, தண்ணீர்ப் போத்தல், பிரித் ஓதிய காப்பு நூல்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். "பன்னிரண்டாம் கேள்விக்கு என்ன போட்டே?" "ஐயோ, அது மூணாவது இல்லையா?" என்று ஒரே சத்தம். ஒரு தாய் பிள்ளையின் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வாசல் பாதி காலியாகிவிட்டது. நாங்கள் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அபேகோன் மிஸ் தன் வகுப்புப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, "சனுதி வரலைதானே?" என்றார்.

"வந்திருக்கா மிஸ். உள்ள இருக்கா."

"இன்னுமா? பரீட்சை முடிஞ்சிடுச்சே! எங்கயாவது அழுதுக்கிட்டு நிக்கப் போறா, பாருங்க."

அவர் குரல் உயர்ந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். டொய்லெட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அக்கா. சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால், "என் மகளுக்கு வாசிக்க நேரம் எடுக்கும் மிஸ். அதனால கூடுதல் நேரம் கேட்டு வாங்கியிருக்கோம்" என்று வந்துவிட்டது.

கூட்டத்தில் ஒருத்தி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், தொற்றுநோய் போல. என் முகம் எரிந்தது. அப்போது நிலந்த, தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எங்க குடும்பத்துல இருக்கு அது. படிச்சவங்களுக்குத்தான் வரும்."

அவர் குடும்பத்தில் ஏது, அக்கா? அது நம் வீட்டிலிருந்து வந்தது. அதுவும், படித்தவர்களுக்குத்தான் வரும் என்பது அவர் அந்த நிமிஷத்தில் கண்டுபிடித்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் குடையைப் பிரித்தேன். மழை இல்லை.

சனுதி வெளியே வந்தாள். விரல் எல்லாம் பென்சில் கறுப்பு. "முடிக்கலம்மா. கடைசியில ஏழு கேள்வி அப்படியே விட்டுட்டேன். ஆனா வாசிச்சதுக்கெல்லாம் எழுதினேன். மடிச்ச தாள் கணக்கு ரொம்ப லேசு. பசிக்குது" என்றாள். அழவில்லை. அவளுக்கு எழுபது வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன். பிறகு, வந்தாலும் வரும் என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மாற்றி மாற்றி நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நாங்கள் ஓட்டோவில் ஏறும்போது ஒரு பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். பிள்ளையை இழுத்துக்கொண்டாளே, அவளேதான். "நோனா, அந்த நேரம் கேக்குற கடிதத்துக்கு யாரைப் பாக்கணும்? என் சின்னவ ரெண்டாம் வகுப்பு. அவளும்..." என்று நிறுத்திவிட்டாள். நான் கிளினிக்கைப் பற்றிச் சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "இப்படிப் பிள்ளைங்க வளந்து என்ன ஆவாங்க நோனா?" என்றாள்.

நான் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் செய்தேன். நேர்முகத்தின் முடிவு வரவில்லை என்று தெரிந்தும் செய்தேன். இன்றோ நாளையோ அவள் அழைப்பாள். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். அவள் அழைத்தால் மட்டும், நீங்கள் வீட்டில் இல்லை என்று பியல் அத்தானைச் சொல்லச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் நங்கி
இரேஷா